பண்ணைப் பங்கு
உண்போரிடம் முன்பணம் திரட்டி, மண்ணைக் காக்கும் வேளாண்மையை நடத்தும் முறை. ஜப்பானில் தெய்கெய் இயக்கமாக 1970களில் வளர்ந்தது. 1986இல் வட அமெரிக்காவில் வேரூன்றியது. டொராண்டோவில் தமிழர் பலர் வாழும் ரெக்ஸ்டேலுக்குக் கிழக்கே, ஹம்பர் ஆற்றுக்கு அப்பால், ஜேன் தெருவிலுள்ள பிளாக் கிரீக் சமூகப் பண்ணை இவ்வழியில் காய்கறி வழங்கியுள்ளது. பங்குதாரர் பருவத் தொடக்கத்தில் பணம் கட்டி, அறுவடைக் காலத்தில் வாரந்தோறும் காய்கறி பெறுவர். விதைக்கும் மக்கு உரத்துக்கும் கூலிக்கும் உழவர் கடன் வாங்க வேண்டியிராது. வறட்சியோ பூச்சியோ தாக்கினால் இழப்பை இரு தரப்பும் தாங்கும். இம்முறையில் இயங்கும் இயற்கைவழிப் பண்ணைகள் செயற்கைத் தழைச்சத்து உரத்தைத் தவிர்க்கின்றன. அவ்வுரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்டுவது. முன்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் விடுபட்டுப்போவது இம்முறையின் பெருங்குறை. அத்தகைய குடும்பங்கள் வாழும் ரெக்ஸ்டேல் போன்ற பகுதிகளுக்குத் தவணை வசதியும் நன்கொடைப் பங்குகளும் இன்றியமையாதவை.