குற்றவாளியாக்கப்பட்ட சுரப்பி

"டீ கலங்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடைகின்றன." உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் படிப்பிக்கும்போது இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நாம் கடந்து போய்விடுகிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்த வரி எழுதப்படுவதற்கு முன் ஆயிரக்கணக்கான பச்சிளம் பிள்ளைகளின் உடம்பில் மருத்துவ உலகம் பெரிய பிழையொன்றைச் செய்தது. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

தைமஸ் நெஞ்சென்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. குழந்தையில் பெரிதாக இருக்கும். பருவமடைந்த பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். குழந்தைகளில் இது பெரிது என்பதை கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற கிரேக்க மருத்துவர் கவனித்திருந்தார். எதற்காக இருக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. இரவு நன்றாகத் தூங்கிய குழந்தை காலையில் மௌத்தாகிக் கிடக்கிறதே, ஏன்? அப்படி இறந்த குழந்தைகளின் உடலைத் திறந்து பார்த்தபோது தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. இதுதான் மூச்சுக்குழாயை அமத்திக் கொன்றிருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். 1889இல் பல்டாவுஃப் என்ற வியன்னா மருத்துவர் பெரிய தைமஸை ஒரு தனி நோய்நிலையின் அடையாளமாகவே வகுத்தார்.

சரி, எதனோடு ஒப்பிட்டு "பெரிது" என்றார்கள்? இங்கேதான் பிழை நடந்தது. மருத்துவக் கல்லூரிகளுக்கு வெட்டிப் படிக்கக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழைகள் விடுதியில் இறந்து யாரும் உரிமை கோராத உடல்கள் கல்லூரிகளுக்குப் போயின. பட்டினியும் நெடுநாள் நோயும் தைமஸைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய சுரப்பியைத்தான் சாதாரண அளவென்று புத்தகத்தில் எழுதினார்கள். திடீரென இறந்த ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் அதன் இயல்பான அளவில்தான் இருந்தது. வறுமையால் மெலிந்த உடம்பு அளவுகோலானதால், நல்ல உடம்பு நோயாகத் தெரிந்தது.

இந்தப் பிழை புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1907இல் அமெரிக்காவில் ஒரு குழந்தையின் தைமஸைச் சுருக்க எக்ஸ்ரே கதிர் செலுத்தப்பட்டது. பிறகு அது வழக்கமாயிற்று. நோயில்லாத குழந்தைகளுக்குக்கூட முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 1950அளவில்தான் உண்மை தெரியவந்தது. தைரொயிட் புற்றுநோயோடு வந்த பிள்ளைகளில் பலர் சிறுவயதில் இந்தக் கதிர் பெற்றவர்கள்.

அதற்குப் பிறகும் தைமஸுக்கு மரியாதை கிடைக்கவில்லை. வளர்ந்த மிருகங்களிலிருந்து அதை வெட்டி எடுத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே கலங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன. ஆகவே இது வெறும் மையவாடி, வேலையில்லாத உறுப்பு என்றார்கள்.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆய்வாளர், எலிகளில் வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினார். முதலில் நன்றாக வளர்ந்த குட்டிகள், சில வாரங்களில் மெலிந்து, தொற்று நோய்களால் இறந்தன. உடம்பில் நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினாலும் உடம்பு அதை எதிர்க்கவில்லை. அந்நியனை அடையாளம் காணும் படையே இல்லை!

வளர்ந்த எலியில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. அதற்குள் தைமஸ் தன் படையை உடம்பு முழுக்க அனுப்பி முடித்திருந்தது. 1968இல் மில்லரும் அவருடைய மாணவர் மிச்செலும் அவுஸ்திரேலியாவில் இன்னொன்றையும் காட்டினார்கள். தைமஸிலிருந்து வருவது ஒரு வகை, என்பு மச்சையிலிருந்து வந்து பிறபொருளெதிரி சுரப்பது இன்னொரு வகை. டீ, பீ என்று நாம் படிப்பிப்பது இவற்றைத்தான்.

அப்படியென்றால் அந்த மையவாடி? என்பு மச்சையிலிருந்து இளங்கலங்கள் இரத்தத்தோடு தைமஸுக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாங்கியை அமைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டு பரீட்சை. முதலாவதில், சொந்த உடம்பின் அடையாளப் புரதத்தைப் பிடிக்கத் தெரியாதது இறக்கிறது. இரண்டாவதில், சொந்த உடம்பையே பலமாகத் தாக்கப் பார்ப்பது பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வருவதில்லை. அந்தச் சாவுகள்தான் நம்முடைய பாதுகாப்பு.

நாங்கள் ஆசிரியர்கள் இதை வாசித்து ஒரு கணம் யோசித்தோம். இரண்டு முறையும் சுரப்பியில் பிழை இருக்கவில்லை. முதலில் ஒப்பிட்ட உடம்பு பிழை, பிறகு பார்த்த வயது பிழை. வகுப்பில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு வைத்து அளக்கும்போது, நம் கையிலிருக்கும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று நாமும் கேட்டுக்கொள்வோம்.