பட்டிக்குள் ரசிகன்: ஒரு கோப்பைப் பருவத்தின் வரலாறு

சபாவில் உட்கார்ந்து தலையாட்டுகிறவரும் ரசிகர்தான். கொட்டகையில் விசிலடிக்கிறவனும் ரசிகன்தான். முன்னவர் எத்தனை பேர் சேர்ந்தாலும் 'அவை' ஆகிறார்கள். பின்னவர்கள் பத்துப் பேர் சேர்ந்ததுமே 'கும்பல்' ஆகிவிடுகிறார்கள். யார் அவை, யார் கும்பல் என்று தீர்மானிக்கிற இடத்தில் ரசிகன் ஒருபோதும் இருப்பதில்லை. இது வெறும் சொல் விவகாரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தத் தீர்மானமே 97 உயிர்களைக் கொண்டுபோன சம்பவம் ஒன்று இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றில் இருக்கிறது. 1988-89 பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையின் பின்னே ஊர் ஊராகப் போன லிவர்பூல் ரசிகர்களுக்கு நேர்ந்தது அது.

கோப்பையின் விதி எளிமையானது. தோத்தா வெளியே, அவ்வளவுதான். 1871இல் சார்லஸ் ஆல்காக் இதை முன்மொழிந்தபோது, தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்த போட்டியை மாதிரியாக வைத்துக்கொண்டார். ஆக இது கனவான்வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி விளையாட்டிலிருந்து வந்த விதி. 1888இல் வந்த லீக் முறை வேறு மாதிரி. லீக்கைப் பின்தொடர்கிறவன் ஆகஸ்டிலேயே மே மாதம் வரைக்கும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் தோற்றாலும் அடுத்த வாரம் உண்டு. கோப்பையில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு சுற்றில் ஜெயித்த பிறகு, அடுத்து எந்த ஊர் என்பது சீட்டுக் குலுக்கிய பிறகுதான் தெரியும். பணக்காரக் கிளப்பும் பஞ்சத்துக் கிளப்பும் ஒரே பையில் கிடக்கிற எண்ணிட்ட பந்துகள். 1972இல் ஹியர்ஃபோர்ட் என்ற, லீக்கிலேயே இடம்பெறாத அணி, முதல் டிவிஷன் நியூகாஸிலை 2-1 என்று வெளியேற்றியதை இன்றுவரை அங்கே சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். இந்தச் சமத்துவம் ஒரு மாயைதான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மாயையை நம்பி ரயிலேறுகிற மனிதன் மாயை இல்லை.

அந்தப் பருவத்தில் அவன் போன வழியை வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம். ஜனவரியில் மூன்றாவது சுற்று, ஸ்காட்லாந்து எல்லையருகே கார்லைல். நான்காம் டிவிஷன் அணி, லிவர்பூல் 3-0. அதே மாதக் கடைசியில் லண்டனில் மில்வால், 2-0. பிப்ரவரியில் கிழக்குக் கரையோரம் ஹல். 3-2 என்று தப்பித்துப் பிழைத்தார்கள். மார்ச்சில் கால் இறுதிதான் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அமைந்தது. பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 4-0. நாட்டின் மூன்று மூலைகளைத் தொட்டாயிற்று. அடுத்தது அரையிறுதி. ஏப்ரல் 15, சனிக்கிழமை, எதிரே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்.

அரையிறுதிக்கு ஒரு தனி விதி. அது யாருடைய சொந்த மைதானத்திலும் நடக்காது. அந்தக் காலத்தில் சங்கம் தேர்ந்தெடுத்த மூன்றாவது ஊரில் நடந்தது. 'நடுநிலை' மைதானம் என்று அதற்குப் பெயர். ஆட்டக்காரர்களுக்கு அது நடுநிலையாக இருக்கலாம். ரசிகனுக்கு, இருபக்கமும் அந்நியனாக நிற்கிற இடம் அது. உள்ளூர் போலீசுக்கு அவன் முகம் தெரியாது. அவனைப் பற்றிய வர்ணனை மட்டும்தான் தெரியும். இந்த வர்ணனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

கோப்பையின் முதல் பத்து வருஷமும் பழைய பள்ளி மாணவர்களும் ராணுவ அதிகாரிகளும்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே லங்காஷயர் ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு 1850ஆம் வருஷத்து ஆலைச் சட்டத்துக்குப் பிறகுதான் சட்டப்படி உறுதியாகத் தொடங்கியது. பிற்பாடு கால்பந்து அந்த ஓய்வுக்குள் புகுந்துகொண்டது. 1883இல் நெசவாளிகளும் நூற்பாலைக்காரர்களும் குழாய் வேலைக்காரர் ஒருவரும் இருந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோனது. மறுவருஷம் அதே ஊரின் இன்னொரு அணியான ரோவர்ஸ் இறுதிக்கு வந்தது. கூடவே ரயிலேறி லண்டன் வந்த ரசிகர்களைப் பார்த்து 'பால் மால் கெஜட்' பத்திரிகை எழுதியது: வடக்கத்திக் காட்டுமிராண்டிகள் படையெடுத்து வந்துவிட்டதாகவும், சூடானிய அரபு இனக்குழு ஒன்றை நகர வீதியில் அவிழ்த்துவிட்டாலும் இவ்வளவு வேடிக்கையாக இராது என்றும்.

ஏன் சூடான்? அந்த 1884 ஜனவரியில்தான் இதே பத்திரிகை, ஆசிரியர் ஸ்டெட் எடுத்த பேட்டியை வெளியிட்டு, ஜெனரல் கார்டனை சூடானுக்கு அனுப்பவேண்டும் என்று கிளர்ச்சி செய்துகொண்டிருந்தது. கார்ட்டூம் நெருக்கடி தினம் தினம் செய்தியில் அடிபட்ட காலம். காலனியில் அடக்கப்படவேண்டியவனைக் குறிக்கக் கைவசமிருந்த சொல்லை எடுத்து உள்நாட்டு நெசவாளியின் மேல் ஒட்டுகிறார்கள். 'மற்றமை'யை ஐரோப்பா கீழைத்தேசத்தில்தான் கண்டுபிடித்தது என்று மட்டும் வாசித்துப் பழகிய நமக்கு, அது ரயிலில் இருநூறு மைல் தள்ளியும் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. குஸ்தாவ் லெ போன் கூட்டத்தின் உளவியல் பற்றிய தன் புத்தகத்தை எழுத இன்னும் 11 வருஷம் இருந்தது.

எல்லா நேரமும் வர்ணனை இப்படியே இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1923இல் வெம்ப்ளியில் நடந்த முதல் இறுதி ஆட்டத்துக்கு அதிகாரபூர்வக் கணக்கிலேயே 1,26,047 பேர். சுவரேறிக் குதித்து வந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள். மைதானம் முழுக்கக் கூட்டம்; பந்து வைக்க இடமில்லை. அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வந்திருந்தார். பில்லி என்ற குதிரைமேல் வந்த போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை மெல்ல மெல்லக் கோட்டுக்கு வெளியே தள்ளினார் என்பது புராணமாகிவிட்டது. (குதிரை உண்மையில் சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைப் படச்சுருள் அதை வெள்ளைக் குதிரை ஆக்கிவிட்டது.) அன்றைக்கு யாரும் சாகவில்லை. எனவே ஒழுங்கீனமாக வந்த கூட்டம் பண்புள்ள கூட்டமாக வரலாற்றில் பதிவாயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து முன்கூட்டி டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் இறுதி ஆட்டத்தில் அனுமதி.

1946இல் போல்டனில் கால் இறுதி. 85 ஆயிரம் பேர் வந்தார்கள். மைதானத்தின் ஒரு பக்கத்து கேலரி போர்க்காலத்தில் அரசு கிடங்காக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்ததால் அந்தப் பக்க வாயில்கள் மூடிக்கிடந்தன. இருந்த வழியிலேயே எல்லாரும் நுழைய, 33 பேர் நசுங்கிச் செத்தார்கள். சடலங்களைக் கோட்டோரமாகக் கிடத்தி மேலங்கிகளால் மூடிவிட்டு, மரத்தூளால் புதிதாக ஒரு எல்லைக்கோடு போட்டு ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள். 0-0. விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, பரிந்துரைகள் வந்தன. நெருக்கிச் சாகடிப்பது வழியின் அமைப்புதான், கூட்டத்தின் குணம் இல்லை என்பது 1946இலேயே எழுதித் தெரிந்த விஷயம் என்பதைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வர்ணனை பழையபடி திரும்பியது. இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். ரசிகனைப் பரிசுத்தமானவனாகக் காட்ட விரும்பும் இடதுசாரி எழுத்து இதை விழுங்கிவிடுகிறது. அது நேர்மையில்லை. ஆனால் 39 பேர் செத்ததிலிருந்து அரசு கற்றுக்கொண்டது என்ன என்பதுதான் கேள்வி. இடிகிற மைதானங்களைப் பற்றி அது கவலைப்படவில்லை. அடையாள அட்டை பற்றியும் வேலி பற்றியும் யோசித்தது. அதே வருஷம் லிவர்பூலில் தொடங்கிய கால்பந்து ஆதரவாளர் சங்கமும், நம் சிறுபத்திரிகைகளைப் போலவே கைக்காசு போட்டு நடத்திய ரசிகர் ஏடுகளும் வேறு மாதிரிப் பேசின. கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது ஷெஃபீல்டுக்கு வரலாம். சங்கம் தேர்ந்தெடுத்த மைதானம் ஹில்ஸ்பரோ. 1981இல் இங்கேயே நடந்த வேறொரு அரையிறுதியில், லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நிற்கும் கேலரியில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமடைந்திருந்தார்கள். அதன் பிறகு செய்தது என்ன? கேலரியைக் குறுக்குக் கம்பி வேலிகளால் தடுத்துத் தடுத்துப் பிரித்தார்கள். முன்பு நெருக்கினால் பக்கவாட்டில் நகர இடமிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. முன்னால் மைதானத்தை ஒட்டி ஏற்கனவே உயர்ந்த வேலி. இந்தத் தடுப்புகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'பென்'. ஆடுமாடு அடைக்கிற பட்டிக்கும் அவர்களிடம் அதே சொல்தான். யாரும் கேலியாக வைத்த பெயரில்லை. அதிகாரபூர்வக் கோப்புகளில் அப்படித்தான் இருக்கிறது.

லிவர்பூலுக்கு ஆதரவாளர் அதிகம். ஆனால் எந்தத் திசையிலிருந்து யார் வருகிறார்கள், இரு தரப்பும் வழியில் சந்திக்காமல் எப்படிப் பிரிப்பது என்ற போலீஸ் கணக்கின்படி லிவர்பூலுக்குச் சின்னப் பக்கம்: 24,256 டிக்கெட். ஃபாரஸ்டுக்கு 29,800. லெப்பிங்ஸ் லேனில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய 10,100 பேரும் ஏழு சுழல்கதவுகள் வழியாக ஒவ்வொருவராக நுழையவேண்டும். கணக்குத் தெரிந்த எவனும் ஆட்டம் தொடங்குமுன் இது முடியாது என்று சொல்லிவிடுவான். ஆனால் எண்ணிக்கை யாருடைய கவலையாகவும் இல்லை. மோதலைத் தடுப்பதுதான் கவலை. பொறுப்பிலிருந்த அதிகாரி டக்கன்ஃபீல்டு அந்தப் பதவிக்கு வந்து 19 நாள்தான் ஆகியிருந்தது.

2.52 மணிக்கு, வெளியே நெரிசல் தாங்காமல், 'சி' என்ற வெளியேறும் கதவைத் திறக்க அவர் உத்தரவிட்டார். இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள். எதிரே ஒரு சுரங்க வழி. அது நேராக நடுவிலிருந்த 3, 4ஆம் பட்டிகளுக்குப் போகிறது. அவை ஏற்கனவே நிரம்பியிருந்தன. இரு பக்கத்துப் பட்டிகளிலும் இடம் இருந்தது. சுரங்க வாயை மூடிப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தால் போதும். யாரும் நிற்கவில்லை. போலீஸின் கட்டுப்பாட்டு அறை அந்தப் பட்டிகளுக்கு மேலேயே இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் முகங்கள் தெரியும் தூரம். வேலிமேல் ஏறித் தப்பிக்க முயன்றவர்களைப் பார்த்தபோது அவர்களுக்குத் தெரிந்தது மூச்சுக்காகத் தவிக்கிற மனிதர்கள் இல்லை. மைதானத்துக்குள் பாய வருகிற கும்பல். 'உடல்', 'பார்வை', 'அதிகாரம்' என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த சொற்களுக்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கண் பார்த்தது, 1884இன் சொல் அதை மொழிபெயர்த்தது.

3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைப் பிய்த்து அவற்றையே தூக்குப் படுக்கையாக்கி அடிபட்டவர்களைச் சுமந்து ஓடினார்கள். அதே நேரத்தில் டக்கன்ஃபீல்டு, ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டதாகச் சங்கச் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொய் மாலைக்குள் வானொலியில் உலகம் சுற்றிவிட்டது. இறந்தவர்களின் ரத்தத்தில் சாராயம் எவ்வளவு என்று சோதித்தார்கள். அவர்களில் மிகச் சிறியவனுக்கு வயது 10. நான்கு நாள் கழித்து 'சன்' பத்திரிகை, பிணங்களிடம் ரசிகர்கள் திருடியதாகவும் போலீஸ்காரர்கள்மீது சிறுநீர் கழித்ததாகவும் 'உண்மை' என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூல்காரர்கள் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தினார்கள்.

இது தெற்கு யார்க்ஷயர் போலீஸ். ஐந்து வருஷம் முன்பு, 1984 ஜூனில், ஆர்கிரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகளை அடித்துவிட்டுக் கலவர வழக்குப் போட்டதும், சாட்சிய வாக்குமூலங்கள் சொல்லி எழுதவைத்தவை என்று அம்பலமாகி 1985இல் வழக்கு கவிழ்ந்ததும் இதே படைக்குத்தான். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. எனவே ஹில்ஸ்பரோவிலும் அதையே செய்தார்கள். 2012இல் லிவர்பூல் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு கோப்புகளைத் திறந்தபோது 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116இல் போலீஸைக் குறைசொன்ன பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது என்றும் குழு சொன்னது.

இத்தனைக்கும் நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே, முதன்மைக் காரணம் போலீஸ் கட்டுப்பாட்டின் தோல்வி என்று எழுதிவிட்டார். அது எழுதப்பட்ட பிறகும் 1991இல் மரண விசாரணை 'விபத்து' என்று முடிந்தது. குடும்பங்கள் விடவில்லை. பழைய தீர்ப்பு 2012இல் ரத்தாயிற்று. 2016 ஏப்ரலில் புதிய ஜூரி, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மேல் தவறில்லை என்றும் சொன்னது. 2019இல் டக்கன்ஃபீல்டு குற்றவாளியில்லை என்று விடுவிக்கப்பட்டார். 2021இல், வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கில், அவை நீதிமன்றத்துக்காக அல்ல, விசாரணைக் கமிஷனுக்காகத் தயாரிக்கப்பட்டவை, ஆகவே நீதியின் போக்கைத் திரித்ததாகாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். அதே வருஷம் 97ஆவது மனிதர், 32 வருஷம் முன்பு பட்ட காயத்தின் விளைவாக இறந்துபோனார்.

டெய்லரின் 1990 இறுதி அறிக்கை பெரிய மைதானங்களில் எல்லாரும் உட்கார்ந்தே பார்க்கவேண்டும் என்றது. வேலிகள் போயின. ஆனால் டிக்கெட் விலையை உயர்த்தச் சொல்லி டெய்லர் எழுதவில்லை. 1992இல் பிரீமியர் லீக் வந்து, அந்த வேலையைச் சந்தை பார்த்துக்கொண்டது. பட்டியில் அடைத்தவனை அப்புறம் விலையால் வெளியே நிறுத்தினார்கள்.

அந்தப் பருவத்துக் கோப்பை பாதியில் நின்றுவிடவில்லை. அரையிறுதியை மே 7ஆம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் திரும்ப ஆடினார்கள், லிவர்பூல் 3-1. இறுதி ஆட்டம் மே 20, வெம்ப்ளியில், அதே நகரத்தின் எவர்டன் அணியுடன். மைதானத்தைச் சுற்றியிருந்த வேலியை அன்றைக்கு அகற்றியிருந்தார்கள். ஆட்ட நேரம் முடியும் தறுவாயில் எவர்டன் கோல் போட்டுச் சமன் செய்ததும் ரசிகர்கள் புல்தரைக்குள் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய் நின்றுகொண்டார்கள். கூடுதல் நேரம் ஆடப்பட்டது. லிவர்பூல் 3-2.