அயலார் முதலில் கண்ட முகங்கள்

1956ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் நகரில் நடந்த திரைப்பட விழா முடியும் தறுவாயில், வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு படம் திரையிடப்பட்டது. அதே வேளையில் ஜப்பானியக் குழுவினர் ஒரு விருந்து வைத்திருந்தனர். எனவே படம் ஓடிய அரங்கில் இருந்த விமர்சகர்கள் மிகச் சிலரே. இந்தியப் படமென்றால் ஆட்டமும் பாட்டமும் அழுகையும்தானே என்று எண்ணியே அவர்களுள் சிலர் அமர்ந்திருந்தனர். திரையில் அவர்கள் கண்டதோ, ஓர் ஏழைப் புரோகிதரின் இடிந்த வீடு. பல்லில்லாத ஒரு கிழவி. இரயிலைக் காண நாணற்காட்டினூடே ஓடும் அக்காளும் தம்பியும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் அப்படத்துக்கு, ‘சிறந்த மனித ஆவணம்’ என்ற பரிசை அவ்விழா வழங்கியது.

இந்த அளவு வரலாறு பலரும் அறிந்ததே. கத்தோலிக்கராகிய நாம் அறியாதிருக்கும் பகுதி ஒன்று உண்டு. அதே கான் விழாவில், பன்னாட்டுக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் நடுவர் குழு ‘பதேர் பாஞ்சாலி’க்குச் சிறப்புக் குறிப்பு வழங்கிப் பாராட்டியது. அதே ஆண்டில் உரோமை நகரில் வத்திக்கான் விருதும், மணிலாவில் ‘தங்கக் காரபாவ்’ விருதும் அதற்குக் கிடைத்தன. ஓர் இந்து அந்தணக் குடும்பத்தின் வறுமையைச் சொல்லும் படத்தை உரோமை கண்டு போற்றிய அந்நாள்களில், எங்கள் கடற்கரைப் பங்குகளிலும் தேரிக்காட்டுச் சிற்றூர்களிலும் சினிமாவுக்குப் போவது பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட வேண்டிய குற்றமாக இருந்தது. என் பாட்டி தம் இளமையில் திருச்செந்தூர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஒரு படம் பார்த்துவிட்டு, அதற்கு அபராதமாக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை முழுவதையும் முழந்தாளிலிருந்து சொன்னதாகக் கூறுவார். என்ன படம் என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார்.

திருச்சபை சினிமாவை அஞ்சியதும் உண்மை. அதற்கு முன்னரே அதனோடு பேசத் தொடங்கியதும் உண்மை. மேற்சொன்ன கத்தோலிக்க அமைப்பு 1928இல் ஹாலந்தின் ஹேக் நகரில் நிறுவப்பட்டது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இல் விடுத்த ‘விஜிலாந்தி கூரா’ சுற்றுமடல், ஒழுக்கக் கேடான படங்களைக் குறித்து எச்சரித்ததோடு, நல்ல படங்களை வளர்க்கவும் சொன்னது. எங்கள் பக்கத்தில் முதற்பாதி மட்டுமே பிரசங்கமாகியது. 1947இல் பிரசல்ஸ் விழாவிலிருந்து கத்தோலிக்க நடுவர்கள் திரைப்பட விழாக்களில் அமரலாயினர். பின்னாளில், 1974 முதல் கானில் பிற சபைச் சகோதரர்களோடு சேர்ந்து ஒரே நடுவர் குழுவாக அமர்ந்தனர். 2001இல் வானொலி, தொலைக்காட்சிக்கான கத்தோலிக்க அமைப்போடு இணைந்து ‘சிக்னிஸ்’ என்று பெயர் மாறிய பின்னும் அப்பணி தொடர்கிறது.

ஆசியப் படங்கள் மேலை நாட்டு விழாக்களுக்குள் நுழைந்த கதையில் வியப்புக்குக் குறைவில்லை. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற ‘ராஷோமோன்’ படத்தை அனுப்ப அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமே தயங்கியது. ஸ்திராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்மணி வற்புறுத்தியதால்தான் அது வெனிஸ் சேர்ந்தது. இயக்குநர் குரோசாவாவுக்கோ தம் படம் போட்டிக்குப் போனதே தெரியாது. மீன்பிடிக்கப் போய்விட்டு வீடு திரும்பிய பிறகே பரிசுச் செய்தியை அறிந்தார். இந்தியாவில் முதல் பன்னாட்டு விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கி, சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. போரில் நொறுங்கிய இத்தாலியின் தெருக்களில் எடுக்கப்பட்ட ‘சைக்கிள் திருடர்கள்’ போன்ற படங்களை நம் கலைஞர் பலர் அப்போதுதான் கண்டனர். ராய் அதை 1950இலேயே இலண்டனில் கண்டு, தாமும் இப்படித்தான் படமெடுப்பது என்று உறுதி பூண்டு திரும்பியவர். மனைவியின் நகைகளை அடகு வைத்தும் பணம் போதாமல், மேற்கு வங்க அரசின் உதவியால் அவர் படத்தை முடித்தார். தலைப்பில் ‘பாதை’ என்றிருந்ததால் அத்தொகை சாலைச் சீரமைப்புக் கணக்கில் எழுதப்பட்டதாம்.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், கொழும்பில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் 1919இல் பிறந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்பவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சிங்களத்தின் முதல் பேசும் படம் 1947இல் நம் தென்னாட்டில்தான் தயாரிக்கப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் சிங்களப் படங்கள் சென்னைப் படங்களின் நிழலாகவே இருந்தன. பீரிஸ் படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வெளியேறி, சிற்றூர்களின் வெயிலில் 1956இல் ‘ரேகாவ’ எடுத்தார். அது மறு ஆண்டு கான் விழாவின் போட்டியில் இடம் பெற்றது. 1965இல் தில்லி விழாவில், ராய் தலைமையிலான நடுவர் குழு அவருடைய ‘கம்பெரலிய’ படத்துக்குத் தங்க மயிலை வழங்கியது. வங்காளத்துக் கலைஞர் இலங்கைக் கலைஞரை அடையாளம் கண்ட அந்நிகழ்ச்சியை, ஆசியா தன்னைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்ட நாளாக நான் கருதுகிறேன். பீரிஸ் 2018இல் காலமானார். இக்கரையில் அதைப் பெரிதாக யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவுக்குச் சென்றது. சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும், ஜி. இராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் பரிசு பெற்றனர். பாஞ்சாலங்குறிச்சிப் போரை இராசஸ்தானத்து மண்ணில் படமாக்கினார்கள் என்பதை எண்ணி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சற்றே வருந்துவர். ஆயினும், 1956இல்தான் சூயஸ் கால்வாயை மீட்டு அந்நியப் படைகளின் தாக்குதலையும் தாங்கியிருந்த எகிப்து மக்களுக்கு, வரி கேட்ட வெள்ளையனை எதிர்த்து முழங்கிய தமிழனை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்பட்டிராது. அப்படத்தைப் பார்த்துப் பெருமை கொள்வது நமக்கும் எளிதாகவே இருந்தது.

நம் பெருமையைச் சொல்லும் படத்துக்குக் கைதட்டும் நாம், நம் குறையைச் சொல்லும் படம் அயல்நாடு போனால் முகம் சுளிக்கிறோம். 1980இல் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். இக்குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. விருந்தாளியின் நாக்குக்கேற்பச் சமைப்பவர்கள் கலையுலகிலும் உண்டு. விழாக்காரர் விரும்பும் வறுமையை அளந்து ஊற்றிய படங்களும் வந்திருக்கின்றன. ஆனால் ராயின் படத்தில் வரும் ஏழைகள் இரக்கத்துக்காகக் கை நீட்டுவதில்லை. அவர்கள் சண்டையிடுகின்றனர், கேலி செய்கின்றனர், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கொய்யா திருடுகின்றனர்.

1990களில் குருமடத்தில் இறையியல் பயின்றபோது ஒரு பேராசிரியத் தந்தை இப்படத்தின் வீடியோ நாடாவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நெடுநாள் கழித்து வீடு திரும்பும் தந்தை, இறந்துபோன மகளுக்காக வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். தாய் அதை வாங்கிக் கடித்துக்கொண்டு அழுகிறாள். அவளது குரலுக்குப் பதிலாக ஓர் இசைக்கருவியின் ஓலம் மட்டும் எழுகிறது. அவ்விடத்தில் நாடாவை நிறுத்திவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் வகுப்பை விட்டுப் போய்விட்டார். புலம்பல் ஆகமத்தைப் பற்றி நான் கேட்ட விரிவுரைகளில் அதுவே சிறந்தது. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியல் எங்கள் கைக்கு வந்தபோது ஆவலோடு தேடினோம். பௌத்த துறவியாகும் போர்வீரனைப் பற்றிய ஜப்பானின் ‘பர்மியப் பேரியாழ்’ இருந்தது. குரோசாவா சோவியத் நாட்டில் எடுத்த ‘தெர்சு உசாலா’ இருந்தது. ‘பதேர் பாஞ்சாலி’ இல்லை. உரோமை தான் முன்னர் மதித்ததை மறந்துவிட்டது போலும் என்று பேராசிரியர் சிரித்தார்.

மறவாதவர் ஒருவர் இருந்தார். கனடா நாட்டு இயேசு சபைக் குரு காஸ்தோன் ரோபெர்ஜ் 1961இல் இந்தியாவுக்கு வரும் வழியில், நியூயார்க்கில் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தார். இந்தியாவை அவர் முதன்முதல் கண்டது அத்திரையில்தான். 1970இல் கல்கத்தாவில் ‘சித்ரபாணி’ என்ற ஊடக மையத்தை நிறுவி, 2020 ஆகஸ்டில் காலமாகும் வரை திரைப்படத்தைக் கற்பிப்பதையே தம் மறைப்பணியாகக் கொண்டிருந்தார்.

இவ்வளவும் அறிந்திருந்த நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும். வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ 2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவின் ‘ஒரிசோந்தி’ பிரிவில் போட்டியிட்டு, இத்தாலிய அம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமை விருதைப் பெற்றது. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தாம் குண்டூரில் காவலில் பட்ட வதைகளை எழுதிய ‘லாக்கப்’ நூலே அதன் மூலம். 2016 பிப்ரவரியில் படம் தமிழகத்துத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்நாளில் நான் பணியாற்றிய வேறொரு பங்கின் இளைஞர் சிலர், பின்னர் அதைப் பங்கு மன்றத்தில் போட்டுக் கலந்துரையாடலாமா என்று கேட்டனர். குடும்பத்தோடு பார்க்கத் தகாத வன்முறை, மேலும் மிகைப்படுத்தல் என்று சொல்லி மறுத்துவிட்டேன். குருமடத்தில் நர்கிஸ் அம்மையாரை மறுத்து நீண்ட கட்டுரை எழுதியவன், அவர் சொன்னதையே என் மொழியில் சொன்னேன்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடை திறந்திருந்ததாகக் கூறி ஒரு தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டனர். 22ஆம் நாள் மகனும், 23ஆம் நாள் தந்தையும் இறந்தனர். அதன்பின் நாடு முழுவதும் அறிந்ததை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. அவ்வாரத்தில் பழைய பங்கின் இளைஞர்களுள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “சாமி, அன்னைக்கு அந்தப் படத்த மிகைன்னு சொன்னியளே” என்றார். குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் எனக்கு ஏதேனும் விடை தோன்றியிருக்கும்.

அயலூர் நடுவர்கள் ஐந்தாண்டுகளுக்கு முன்னரே பார்த்துவிட்டதை நான் பார்க்க மறுத்திருந்தேன். இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. குடிகாரத் தந்தையும் சிறுவன் மகனும் மதுரைப் பக்கத்துக் கரட்டுவெளியில் வெயிலில் நடப்பதை மட்டுமே சொல்லும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, 2021இல் ரோட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசான புலி விருதைப் பெற்றது. தமிழர் தம் வீட்டுத் திரையில் அதைக் காண 2023 வரை காத்திருந்தனர்.

இப்போது நான் சாத்தான்குளம் வட்டாரத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் இருக்கிறேன். சென்ற ஆண்டு மன்றத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ‘பதேர் பாஞ்சாலி’யைத் திரையிட்டோம். வங்காளப் பேச்சை நானே இடையிடையே தமிழில் சொன்னேன். பாதியிலேயே பெண்கள் என்னைப் பேச வேண்டாமென்று கையமர்த்தினர். இறுதியில், அக்காள் எப்போதோ திருடி ஒளித்து வைத்திருந்த மாலையைத் தம்பி கண்டெடுத்துக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மூடிக்கொள்கிறது. படம் முடிந்ததும் ஓர் அம்மா, அவன் ஏன் அதை எறிந்தான் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், பின்வரிசையில் இருந்த பனையேறி ஒருவரின் மனைவி, “செத்துப் போன அக்கா பேரு கெட்டுரப்பிடாதுல்லா” என்றார்.

அடுத்து என்ன படம் போடலாம் என்று பேச்சு வந்தபோது, நானே துணிந்து ‘விசாரணை’யின் பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உபதேசியார் எழுந்தார்.

“இங்க வேண்டாம் சாமி. சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்.”