முதுமையில் படைப்பாற்றலும் அன்றாட நினைவும்

முதுமையில் படைப்பாற்றலும் அன்றாட நினைவும் என்பது, நோயற்ற முதியோரின் நாள்தோறும் பயன்படும் நினைவாற்றலுக்கும் புதியனவற்றை எண்ணி ஆக்கும் அவர்களது ஆற்றலுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராயும் உளவியல் துறைப்பொருள் ஆகும். நினைவு பழையதைச் சேமிப்பது, படைப்பாற்றல் புதியதை ஆக்குவது என்று கொண்டு இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியே ஆராயப்பட்டன. இவை மூளையின் சில பகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது 2000களுக்குப் பின்னரே தெளிவாகத் தொடங்கியது.

அன்றாட நினைவு

ஆய்வுக்கூடத்தில் சொற்பட்டியலை மனனம் செய்வது ஒன்று. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், மாலையில் விழுங்கவேண்டிய மாத்திரை ஆகியவற்றை நினைவில் கொள்வது வேறு. பின்னதே அன்றாட நினைவு எனப்படுகிறது. உளவியலாளர்கள் இதனைப் புறக்கணித்துவிட்டனர் என்று ஊல்ரிக் நைசர் 1978 இல் கார்டிஃபில் நடந்த மாநாட்டில் கடுமையாகக் குறைகூறினார். 1985 இல் பார்பரா வில்சன், ஆலன் பேட்லி முதலானோர் வெளியிட்ட ரிவர்மீட் நடத்தைசார் நினைவுச் சோதனை இத்திசையில் முக்கியமானது. ஒளித்து வைத்த தம் பொருளைக் கேட்டு வாங்குதல், அறைக்குள் நடந்து காட்டப்பட்ட வழியை மீண்டும் நடத்தல், செய்தியை உரிய இடத்தில் சேர்த்தல் போன்றவை இதில் சோதிக்கப்படுகின்றன.

வயது ஏறும்போது எல்லா நினைவும் ஒன்றுபோல் தேய்வதில்லை. சொல்வளமும் பொது அறிவும் எழுபது வயதளவிலும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். நிகழ்வுகளின் நுண்விவரங்களும் ஆட்பெயர்களுமே முதலில் நழுவுகின்றன. நாவின் நுனிவரை வந்து நிற்கும் பெயர் அழிந்துவிட்ட பெயரன்று. சற்று நேரம் கழித்துத் தானாகவே வந்துவிடுவது இதற்குச் சான்று. குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்தல் போன்ற பணிகளை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொடுத்தபோது, முதியோர் இளைஞரைவிடத் தவறாமல் செய்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே வகைப் பணியில் ஆய்வுக்கூடத்துக்குள் அவர்கள் பின்தங்கினர்.

நினைவும் கற்பனையும்

கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால் சேமித்தது சேமித்தவாறே வரும். மனித நினைவு அத்தகையது அன்று. ஒவ்வொரு முறையும் அது துணுக்குகளிலிருந்து மீளக் கட்டப்படுகிறது. அதே துணுக்குகளை வேறு விதமாகச் சேர்த்தால் இதுவரை நடவாத ஒன்றைக் கற்பனை செய்யலாம். டோனா ரோஸ் ஆடிஸ், டேனியல் ஷாக்டர் ஆகியோரின் 2008 ஆம் ஆண்டு ஆய்வில், கடந்த நிகழ்வைச் சொல்லும்போது நுண்விவரங்களைக் குறைவாகத் தந்த முதியோர், வருங்கால நிகழ்வைக் கற்பனை செய்யும்போதும் அவ்வாறே குறைவாகத் தந்தனர். அவ்விடத்தைப் பொதுவான கருத்துகளாலும் விளக்கங்களாலும் நிரப்பினர். தாத்தாக்கள் கதை சொல்லும் முறையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பழுதடைந்தோர் படைப்பாற்றல் சோதனைகளில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதாக 2013 இல் வெளிவந்த ஆய்வும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

செங்கல் போன்ற எளிய பொருளுக்கு எத்தனை வகைப் பயன்கள் கூற முடியும் என்று கேட்பது படைப்பாற்றலை அளக்கும் வழக்கமான முறைகளுள் ஒன்று. அண்மையில் கண்ட ஒரு காட்சியை இடம், ஆட்கள், செயல்கள் என நுணுக்கமாக நினைவுகூரும் சிறு பயிற்சியை முதலில் அளித்துவிட்டு இவ்வாறு கேட்டபோது, இளைஞர், முதியோர் ஆகிய இரு சாராரும் கூடுதல் பயன்களைக் கூறினர் (மாடோர், ஜிங், ஷாக்டர், 2016). அதாவது முதியோரிடம் அத்திறன் அற்றுப்போகவில்லை, தூண்டினால் எழுகிறது.

கவனச் சிதறலுக்கும் ஒரு பயன் உண்டு. தேவையற்ற சொற்களைப் புறக்கணிப்பதில் முதியோர் பின்தங்கியவர்கள். லின் ஹாஷர் குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், புறக்கணிக்குமாறு கூறப்பட்ட சொற்களே அடுத்து வந்த சொற்புதிர்களுக்கு விடைகளாக அமைந்திருந்தன. அவற்றால் பயனடைந்தோர் முதியோரே, இளைஞர் அல்லர்.

படைப்புச் செயல்களால் நினைவு மேம்படுமா?

எண்பதை எட்டும் வயதில் வெர்டியின் ஃபால்ஸ்டாஃப் இசைநாடகம் 1893 இல் அரங்கேறியது என்பன போன்ற எடுத்துக்காட்டுகள் பரவலாகக் கூறப்படுகின்றன. இவை ஊக்கம் தருபவை, ஆனால் பொது விதிக்குச் சான்றாகா. ஒப்பீட்டுக் குழுவுடன் செய்யப்பட்ட ஆய்வுகளே கருதத்தக்கவை.

ஹெல்கா நொய்ஸ், டோனி நொய்ஸ் இணையர் அமெரிக்காவில் முதியோர்க்கு 4 வாரம் நாடக நடிப்புப் பயிற்சி அளித்து 2004 இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சியே பெறாதோரைவிட இவர்கள் அறிதிறன் சோதனைகளில் முன்னேறினர். இங்கு வசனத்தை உருப்போடுவது வலியுறுத்தப்படவில்லை. பாத்திரம் ஏன் அவ்வாறு பேசுகிறது என்பதை உணர்ந்து நடிப்பதே பயிற்சி.

டெனிஸ் பார்க் தலைமையில் டெக்சசில் நடந்து 2014 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் விரிவானது. 60 முதல் 90 வயதுக்குட்பட்ட 221 பேர் ஏறத்தாழ 3 மாதங்கள், வாரத்துக்குச் சுமார் 15 மணிநேரம் பங்கேற்றனர். எண்ணிம ஒளிப்படக்கலை, துணிகளை ஒட்டுத்தையலிடும் கலை ஆகியவற்றைப் புதிதாகக் கற்றோரின் நிகழ்வு நினைவு மேம்பட்டது. கூடிப் பேசி, உலா சென்று, ஏற்கெனவே அறிந்தவற்றையே செய்தோரிடம் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை. எனவே பயன் தருவது பொழுதுபோக்கு என்னும் பெயரன்று, கற்பதில் உள்ள கடினமே எனலாம். குறுக்கெழுத்தில் ஐம்பதாண்டு பழகியவர்க்கு இன்னொரு குறுக்கெழுத்து அத்தகைய கடினத்தைத் தருமா என்பது ஐயமே. இம்மேம்பாடு அளவில் சிறியது. மறதிநோயைத் தடுக்கும் என்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

இயல்பான மறதியும் நோயும்

பெயர் உடனே வராமையைக் கண்டு குடும்பத்தார் அஞ்சி, வரவு செலவு, சமையல், பயணம் போன்ற பொறுப்புகளை முதியவரிடமிருந்து எடுத்துக்கொள்வது உண்டு. மேற்கண்ட ஆய்வுகளின்படி இது விரும்பத்தக்கதன்று. மூளைக்குக் கடினமான வேலை தரும் வாய்ப்பே இதனால் குறைகிறது. சாவியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதையே மறப்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், கேட்ட கேள்வியைச் சில நிமிடங்களில் மீண்டும் மீண்டும் கேட்பதும் மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள். அவ்வாறு காட்டும்போது உயிர்ச்சத்து பி12 குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் ஆராயப்படும். இவற்றால் வரும் மறதி பெரும்பாலும் மருத்துவத்தால் குறையக்கூடியது.