இருவர் ஏறும் தோற்படகு

விடுமுறை நாளில் தந்தையும் மகனும் முன்பின்னாக அமர்ந்து தூண்டிலிடும் இரட்டைக் கயாக்குப் படகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னோருள் ஒன்றை அலாஸ்காவுக்கு மேற்கேயுள்ள அலூஷியன் தீவுகளிற் காணலாம். மரம் வளராத தீவுகள் அவை. அலை ஒதுக்கிய கட்டைகளால் சட்டமிட்டு, கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்தி, அத்தீவினரான உனங்கன் மக்கள் படகு செய்தனர். பின்னிருப்பவர் துடுப்பால் படகை நிலைநிறுத்துவார்; முன்னிருப்பவர் ஈட்டி எறிவார்.

1741-இல் பேரிங் மேற்கொண்ட பயணத்துக்குப் பின் உருசிய வணிகர் அங்கு வந்தனர். கடல் நீர்நாயின் தோலுக்கு ஆசைப்பட்டு, குழந்தைகளைப் பிணையாக வைத்துக்கொண்டு ஆடவரை வேட்டைக்கு ஏவினர். மூன்று இருக்கைப் படகு பெருகியதும் இவர்கள் காலத்தில்தான். துடுப்புப் பிடியாத பயணிக்கு நடு இருக்கை! வேட்டைக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்பாமையால், கரையிலிருந்த குடும்பங்கள் மீன் பிடித்துத் தருவாரின்றிப் பசியால் வாடின.