எட்டில் ஆறு தோற்றும் இறுதிப் போட்டி: புள்ளி முறையில் எங்கே நியாயம்?

2020 டிசம்பர் 16 இரவு ஜப்னா ஸ்டாலியன்ஸ் முதலாவது லங்கா பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றபோது எங்கள் ஒழுங்கையில் சீனவெடி வெடித்தது. கொரோனாக் காலம். அம்பாந்தோட்டை மைதானத்தில் பார்வையாளர் இல்லை. காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றிருந்தோம். நானும் வெளியே வந்து நின்று சந்தோசப்பட்டேன். மறுநாள் புள்ளிப் பட்டியலை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் ஒரு நெருடல் வந்தது.

லீக் சுற்றில் கொழும்பு கிங்ஸ் எட்டில் ஆறு வெற்றியுடன் 12 புள்ளி. தம்புள்ளைக்கு 11. மழையால் கிடைத்த ஒரு புள்ளியோடு எங்களுக்கு 9. காலியும் கண்டியும் எட்டில் இரண்டை மட்டுமே வென்று தலா 4 புள்ளியில் நின்றன. நிகர ஓட்ட வேகத்தால் காலி நான்காம் இடம் பிடித்தது. அரையிறுதியில் அந்தக் காலி கொழும்பை 2 விக்கெட்டுகளால் வீழ்த்தியது. ஆறு தோல்வி கண்ட அணி இறுதிப் போட்டியில். ஆறு வெற்றி கண்ட அணி வீட்டில். ஐந்து அணிகளில் ஒன்றை மட்டும் வெளியேற்றுவதற்கு இருபது போட்டிகள் எதற்கு என்று அன்று யோசித்தேன்.

அந்த ஆண்டு முறை எளிமையானது. முதலாம் அணி நான்காம் அணியோடும், இரண்டாம் அணி மூன்றாம் அணியோடும் மோதும், தோற்றால் வெளியே. அணிகள் சமபலம் என்று வைத்தால் நான்குக்கும் கிண்ணம் வெல்லும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். லீக் சுற்றில் உழைத்த உழைப்புக்குப் பலன் எதுவுமில்லை.

2021 இல் முறையை மாற்றினார்கள். ஐ.பி.எல். 2011 முதல் பின்பற்றுவதும், 1931 இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா உதைபந்தாட்ட லீக்கில் தொடங்கியதுமான முறை அது. முதல் இரு அணிகளும் மோதும். வென்றது நேரே இறுதிக்குப் போகும், தோற்றதுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் அணிகளில் தோற்றது வெளியே; வென்றது அந்த இரண்டாம் வாய்ப்பு அணியைச் சந்திக்கும். அதே சமபலக் கணக்கைப் போட்டால் முதல் இரு அணிகளுக்கும் கிண்ண வாய்ப்பு தலா 37.5 வீதம், மற்ற இரண்டுக்கும் 12.5 வீதம். மூன்று மடங்கு வித்தியாசம். இது எவ்வளவோ மேல்.

இந்த மாற்றத்தால் அதிகம் பயன் பெற்றதே நாங்கள்தான். 2021 இல் முதலிடம் பிடித்த ஜப்னா கிங்ஸ் முதல் தகுதிப் போட்டியில் காலியிடம் தோற்றது. பழைய முறை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டாம் வாய்ப்பில் தம்புள்ளையை வென்று, இறுதியில் அதே காலியை 23 ஓட்டங்களால் வென்றோம். 2024 இலும் அப்படியே: முதலில் காலியிடம் தோல்வி, பிறகு கண்டியை ஒரேயொரு ஓட்டத்தால் தாண்டி, இறுதியில் றைலி றூசோவின் சதத்துடன் காலியை 9 விக்கெட்டுகளால் வென்றோம். இருமுறையும் காலி ரசிகர் எப்படி உணர்ந்திருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 தான் இந்த முறையிலும் உள்ள ஓட்டையைக் காட்டியது. கண்டி எட்டில் ஏழு வென்று முதலிடத்தில் நின்றது. எங்களிடம் ஒன்று, கொழும்பிடம் ஒன்று என இரண்டு தோல்வி. அவ்வளவுதான், இறுதிக்கே வரவில்லை. முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இந்த முறையில் எந்த வேறுபாடும் கிடையாது. அந்தக் கிண்ணமும் எங்களுக்கே வந்தது.

இந்தத் தர்க்கம் மிகச் சூடாக நடப்பது அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில். 2003 இல் மற் கென்செத் பருவத்தின் 36 பந்தயங்களில் ஒன்றை மட்டும் வென்று, ஒழுங்காகப் புள்ளி சேர்த்துச் சம்பியனானார். அதே பருவத்தில் றயன் நியூமன் எட்டுப் பந்தயங்களை வென்றிருந்தார். அடுத்த ஆண்டே கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கு முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளை நெருக்கிக் கட்டும் முறை வந்தது. 2014 இல் சுற்றுக்குச் சுற்று சிலரை வெளியேற்றி, கடைசிப் பந்தயத்தில் எஞ்சும் நால்வரில் முன்னால் வருபவருக்கே பட்டம் என்றார்கள். 2024 இல் ஜோயி லொகானோ அப்படி வென்றார். பருவம் முழுவதும் எடுத்தால் அவர் முடித்த சராசரி இடம் 17 ஐ ஒட்டியது. இடையில் ஒரு சுற்றோடு வெளியேறியிருந்தவர், இன்னொருவரின் கார் சோதனையில் தகுதி இழந்ததால் திரும்பவும் உள்ளே வந்தார். ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. விறுவிறுப்புக்காக ஒரு பருவத்தின் உழைப்பை ஒரு நாளில் பணயம் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

புள்ளிகளின் விசித்திரத்தை நான் முதலில் அறிந்தது 1996 இல், தென்மராட்சியில். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். கொழும்புக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கைக்கு வர மறுத்ததால், இலங்கை அணி விளையாடாமலே நான்கு புள்ளி பெற்று உலகக் கிண்ணத்தில் குழுவின் முதலிடத்துக்கு வந்தது. இறுதிப் போட்டியை யாருக்காகக் கேட்கிறோம் என்று எங்களுக்குள்ளேயே தெளிவில்லை. ஆனாலும் கை மாறி மாறிச் சுற்றினோம்.

எங்கள் மண்ணின் பெரிய ஆட்டத்துக்கு இந்தக் கணக்கெதுவும் இல்லை. 1904 இல் தொடங்கிய, யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமரில் புள்ளிப் பட்டியலும் இல்லை, இரண்டாம் வாய்ப்பும் இல்லை. மத்திய கல்லூரி மாணவனாக ஸ்டாலியன்ஸ் அணிக்குள் வந்து அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை எடுத்த வியாஸ்காந்த் வளர்ந்ததும் அந்தச் சூழலில்தான்.

ஒன்றை மட்டும் எந்தப் புள்ளி முறையும் கணக்கில் எடுக்கவில்லை. கொழும்புக்கும் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் சொந்த மைதானத்தில் ஆட வாய்த்தது. எங்கள் பெயரில் நான்கு கிண்ணங்கள் வந்த அந்தப் பருவங்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்ரெம்பரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.