பெரியப்பாவின் ஹெரால்டும் ஒரு சைக்கிள் பம்பும்

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். பழைய பிரீமியர் பத்மினி ஒண்ணு வாங்கி வச்சிருக்கான். "மாமா, கிளட்ச் ஸ்லிப் ஆகுது. வீட்லயே இறக்கி மாத்திடலாம்னு இருக்கேன். நீங்க சின்ன வயசுல பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க"ன்னான்.

பார்த்திருக்கேனாவா? கொசுவத்தி அங்கேயே சுத்த ஆரம்பிச்சிடுச்சு. சொன்னதை எல்லாம் அவனுக்காக எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன். எழுத எழுத அது கிளட்சோட சரித்திரமா நீண்டுபோச்சு. கொஞ்சம் பெரிய பதிவுதான், பொறுத்துக்கோங்க :-)

1986. மேற்குத் தாம்பரத்துல பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடி. எனக்கு 12 வயசு. பெரியப்பாகிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒண்ணு இருந்தது, மூணாவதோ நாலாவதோ கை மாறி வந்த வண்டி. மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது. "பிளேட் தேஞ்சிருச்சு சார், ஞாயித்துக்கிழமை இறக்கிடலாம்"னு சொன்னார் மெக்கானிக் அண்ணன். ரயில்வே கேட் பக்கம் ஒரு தகரக் கொட்டகை வச்சிருந்தவர். அவருக்குப் பேர் இருந்தது. ஆனா எங்க எல்லாருக்கும் அவர் மெக்கானிக் அண்ணன்தான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. குயவர் சக்கரத்தைப் பார்த்திருப்பீங்க. கோலால ஒரு சுத்து சுத்திவிட்டா, கனம் இருக்கறதால அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். என்ஜினோட வால்ல இருக்கற ஃப்ளைவீலும் அதே வேலையைத்தான் செய்யுது. பிஸ்டன் விட்டு விட்டுக் கொடுக்கற உதையை வாங்கி, ஒரே சீரான சுழற்சியா ஆக்கிக் கொடுக்கும். அந்தச் சுத்தற சக்கரத்தோட கியர்பாக்ஸை வேணும்போது ஒட்டவைக்கவும், வேணாம்போது பிரிக்கவும் நடுவுல ஒரு தட்டு. அதுதான் கிளட்ச் பிளேட். ஒரு பக்கம் ஃப்ளைவீல், மறுபக்கம் ஸ்ப்ரிங் வச்ச பிரஷர் பிளேட், ரெண்டுக்கும் நடுவுல சாண்ட்விச் மாதிரி இது. பிடிக்கறதும் வழுக்கறதும்தான் அதோட பிழைப்பு. அதனால தேயறதும் அதோட தலையெழுத்து.

தேயுதுன்னா, தேஞ்சது எங்கே போகுது? இந்தக் கேள்வியை அன்னைக்கு யாரும் கேக்கலை. இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

கதையை 1886-லிருந்து ஆரம்பிக்கலாம். கார்ல் பென்ஸ் செய்த மூணு சக்கர வண்டியில கிளட்ச்னு தனியா ஒரு தட்டு கிடையாது. தோல் பெல்ட் ஒண்ணு. சும்மா சுத்தற கப்பியிலிருந்து, சக்கரத்தோட சேர்ந்த கப்பிக்கு அதை நகர்த்தினா வண்டி கிளம்பும். 1888-ல அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவர்கிட்ட சொல்லாம ரெண்டு மகன்களையும் ஏத்திக்கிட்டு மான்ஹைம்லிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, 100 கிலோமீட்டருக்கு மேல, அதே ரக வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அடைச்ச எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால குத்திச் சுத்தம் பண்ணாங்க. பிரேக் கட்டை தேஞ்சப்போ, வழியில ஒரு செருப்புத் தைக்கறவர்கிட்ட தோல் வச்சு ஆணி அடிக்கச் சொன்னாங்க. உலகத்தோட முதல் பிரேக் லைனிங் அதுதான்னு சொல்றவங்க உண்டு. என்னைக் கேட்டா, சொந்தக் கையால கார் ரிப்பேர் பண்ற எல்லாருக்கும் குலதெய்வம் அந்தம்மாதான்.

அடுத்த இருபது இருபத்தைந்து வருஷம் கார்களில் ஆட்சி செய்தது கூம்பு கிளட்ச். ஃப்ளைவீலுக்கு நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு குழிவு, அதுக்குள் போய் உட்காரும் ஒரு கூம்பு, கூம்பின் மேல் தோல். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டி துள்ளும். அதனால் எண்ணெய் தடவிப் பதமாக வைத்திருக்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். அதுக்குக் களிமண் பொடியைத் தூவுவார்கள். மாட்டுக்கு லாடம் கட்டுகிற மாதிரி, வண்டி வைத்திருப்பவரோ டிரைவரோ வீட்டு முற்றத்திலேயே செய்கிற வேலை. தூசி பறக்கத்தான் செய்தது, ஆனால் அது தோலும் மண்ணும்.

1908-ல ஃபோர்டு மாடல் டி வந்தது. அதோட ஃப்ளைவீலைப் பார்த்து நான் அசந்து போயிருக்கேன். சக்கரத்தைச் சுத்தி 16 காந்தம். சுத்தும்போதே பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கும். கியர் மாத்தறதுக்கு வளையப் பட்டைகள், பட்டைக்குள்ள பருத்தித் துணி லைனிங். துணி தேஞ்சா அமெரிக்க விவசாயி தன் கொட்டகையிலேயே கழட்டி மாத்திக்குவார். எண்ணெயில ஊறின பருத்திதான், யார் உயிருக்கும் ஆபத்தில்லை. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி மாடல் டி ஓடினதுக்கு இந்த வீட்டு வைத்தியமும் ஒரு காரணம்.

அப்புறம்தான் கல்நார் வந்தது. ஆமா, நம்ம வீட்டுக் கூரையில போடற அதே ஆஸ்பெஸ்டாஸ்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் பிரேக் கட்டைகள் செய்ய ஆரம்பித்தார். மலைப்பாதையில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக் கட்டையில் அடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ. முதலில் பருத்திப் பட்டை. வண்டிகளின் வேகம் கூடியதும் பருத்தி கருகியது. கல்நார் கருகாது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், செப்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கலாம், பிசின் ஊற்றி அச்சில் வார்க்கலாம். விலையும் மலிவு. அது இருந்ததால்தான் எண்ணெய் இல்லாத ஒற்றைத் தட்டு கிளட்ச் தாக்குப் பிடித்தது. 1920-களிலிருந்து கூம்பு போய், தட்டு எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பெரியப்பாவோட ஹெரால்டில் இருந்ததும் அந்த வம்சம்தான்.

அதே 1920-களில், ரோச்டேல் ஊரில் இன்னொன்று நடந்தது. கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல், 33 வயதில், மூச்சு வாங்கியே செத்துப்போனார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் வில்லியம் குக் உள்ளே கல்நார்த் துகள்களைக் கண்டு, மருத்துவ இதழில் எழுதினார். பிறகு அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டாசிஸ் என்று பெயர் வைத்ததும் அவர்தான். நெல்லி வேலை பார்த்த ஆலை நஷ்டஈடு தரவில்லை. அந்த ஆலையின் குழுமம்தான் அதே பத்தாண்டில் ஃபெரோடோவையும் வாங்கியது. நூல் நூற்றவளின் சாவும் நம்ம கிளட்ச் பிளேட்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்து சேர்ந்த இடம் இது.

1930-ல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு அதிகாரிகள் 363 கல்நார்த் தொழிலாளிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறிப் போயிருந்தது. 1931-ல் சட்டம் வந்தது. தூசியை உறிஞ்சும் விசிறி வை, மருத்துவப் பரிசோதனை செய்... எல்லாம் ஆலைக்கு. ஆலைக் கதவைத் தாண்டி வெளியே போன பிளேட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அது கடைசியில் தேய்ந்து தூளாகிறது எங்கேயோ ஒரு தகரக் கொட்டகையில். இல்லைன்னா ஒரு வேப்பமரத்தடியில்.

இப்ப ஹெரால்டுக்கு வருவோம். 1950-கள்ல இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு சிக்கல். காருக்கு உடம்பு செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு (நம்ம அம்பாசடரோட தாய்வீடு). முழு உடம்பையும் ஒரே இடத்துல செய்ய வழியில்லை. அதனால தனியா ஒரு சேசிஸ், அதுமேல துண்டு துண்டா உடம்பைப் போல்ட் போட்டு முடுக்கிக்கலாம்னு 1959-ல கொண்டு வந்ததுதான் டிரையம்ஃப் ஹெரால்ட். பிரிச்சு அனுப்பி வேற நாட்டுல பூட்டறதுக்கும் இது வசதி. 1960-கள்ல அதே கார் சென்னையில ஸ்டாண்டர்ட் ஹெரால்டா உருவாச்சு.

ரெண்டு கம்பெனி சண்டையில வீட்டு மெக்கானிக்குக்கு அடிச்சது யோகம். ஹெரால்டோட முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னாடி சாயும். டயர் மேல உட்கார்ந்தே என்ஜினைப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், கியர்பாக்ஸைக் கழட்ட வண்டிக்கு அடியில படுக்கவே வேணாம். முன் சீட்டை எடு, தரைவிரிப்பைச் சுருட்டு, நடுவுல இருக்கற மூடியைக் கழட்டு. கியர்பாக்ஸ் கண்ணு முன்னாடி. போல்ட்டை எடுத்துப் பின்னால இழுத்தா காருக்குள்ளேயே வந்துடும். ரெண்டு பேர் போதும்.

அன்னைக்கும் அப்படித்தான். போல்ட்டுகளைக் கொட்டாங்கச்சிகள்ல தனித்தனியாப் போட்டுக் காவல் காக்கறது என் வேலை. பிரஷர் பிளேட்டைக் கழட்டினதும் பழைய தட்டு சொத்துனு கையில வந்தது. ரிவெட் தலை வெளியே தெரிஞ்சு, ஃப்ளைவீல் முகத்துல கோடு கோடாக் கிழிச்சிருந்தது. ஃப்ளைவீலையும் கழட்டி, கேரியர்ல கட்டி, சைக்கிள்லயே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகம் கடைஞ்சு வாங்கிட்டு வந்தார் அண்ணன். புதுத் தட்டு நடுமையமா உட்காரணும், இல்லைன்னா கியர்பாக்ஸ் தண்டு உள்ள நுழையாது. அதுக்கு மரக்குச்சி ஒண்ணைச் சீவி, இன்சுலேஷன் டேப் சுத்தி, அளவு பண்ணிச் சொருகினார். போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கினார். "அவசரப்பட்டா தட்டு கோணிக்கும்டா தம்பி."

அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லணும். பெல் ஹவுசிங் உள்ளே சாம்பல் மாதிரி ஒரு தூள் அப்பிக் கிடந்தது. அண்ணன் வாயால ஊதினார். போகலை. என்னைப் பார்த்து, "தம்பி, பம்பு எடுத்துட்டு வா"ன்னார். நான் காருக்குள்ள மண்டி போட்டு உட்கார்ந்து, சைக்கிள் பம்பால ஊது ஊதுனு ஊதினேன். சாயங்கால வெயில் கண்ணாடி வழியா வர, தூசி பொன்னு மாதிரி மின்னிச்சு. எவ்வளவு பெருமை எனக்கு! எனக்கும் ஒரு வேலை கொடுத்துட்டாரே. எந்த வசதியால அந்த வேலை வீட்ல சுலபமாச்சோ, அதே வசதிதான் அந்தத் தூசியை நாங்க உட்கார்ற சீட்டு இடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

நியாயத்தையும் சொல்லணும். உராய்வுச் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு தாதுவாக மாறிவிடுகிறது, எல்லாத் தூளும் விஷம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதின எனக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மிச்சம் இருக்கிற இழை, உள்ளே போனால் இருபது முப்பது நாற்பது வருஷம் பொறுமையாகக் காத்திருக்கும். புகைப்பிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு பெருகும் என்று 1968-லேயே அமெரிக்காவில் டாக்டர் செலிகாஃப் குழு காட்டிவிட்டது. மெக்கானிக் அண்ணனுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை. வாரத்துல ஆறு நாள், முப்பது வருஷம். நடுநடுவே பீடி.

அவர் கடைசி காலத்துல ஓவர்பிரிட்ஜ் படி ஏற முடியாம நாலு இடத்துல நின்னார். ஆஸ்பத்திரி சீட்டுல மூச்சிரைப்புன்னு எழுதியிருந்தது. "பீடி குடிச்சே கெட்டான்"னு ஊர் சொல்லிச்சு. பீடியா, பிளேட்டான்னு யாரும் பிரிச்சுப் பார்க்கலை. என்ன தொழில் பண்ணீங்கன்னு எந்த டாக்டரும் கேக்கலைனு அவர் வீட்டம்மா என்கிட்ட சொன்னாங்க.

1995-ல் நம்ம உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவருடைய உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது, 40 வருஷத்துக்கு அவருடைய மருத்துவப் பதிவேட்டைப் பாதுகாக்கணும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தகரக் கொட்டகையில் ஏது பதிவேடு? பிரிட்டன் 1999-ல் மிச்சமிருந்த வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. அமெரிக்காவில் 1989-ல் கொண்டுவந்த தடையை 1991-ல் நீதிமன்றம் பெரும்பாலும் ரத்து செய்ய, வெள்ளைக் கல்நாருக்கான தடை உத்தரவு 2024-ல்தான் வந்தது. நெல்லி செத்து சரியாக நூறு வருஷம்.

அதுக்குள்ள கிளட்ச் எங்கேயோ போயிடுச்சு. 1985-ல லுக் கம்பெனி பி.எம்.டபிள்யூ.வுக்குன்னு ரெண்டு துண்டா, நடுவுல ஸ்ப்ரிங் வச்ச ஃப்ளைவீலைக் கொண்டு வந்தது. அதிர்வு குறைஞ்சது, விலை ஏறிச்சு. நம்ம லேத் பட்டறை வைத்தியம் அதுக்கு ஆகாது. லைனிங்ல கல்நாருக்குப் பதில் கண்ணாடி இழை, அராமிட் இழைனு வந்தாச்சு.

இதையெல்லாம் அக்கா பையன்கிட்ட சொல்லிட்டு இருக்கும்போதே குறுக்க வந்தான். "மாமா, புதுப்பேட்டைல தேடி, பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் பிளேட் ஒண்ணு பிடிச்சுட்டேன். ஒரிஜினல்!"

எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. "அதைப் பெட்டியோட ஷோகேஸ்ல வை. வண்டிக்குக் கல்நார் இல்லாதது வாங்கு. பழசைக் கழட்டும்போது ஊதாதே, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. ஈரத்துணியால ஒத்தி எடு, துணியைப் பையில கட்டிப் போடு. போட்டிருக்கற சட்டையோட வீட்டுக்குள்ள போகாதே. குழந்தையைப் பக்கத்துல விடாதே"ன்னேன்.

"பாப்பா போல்ட் எல்லாம் எடுத்து வைக்கறேன்னு ஆசையா இருக்கா மாமா."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரலை. அப்புறம் சொன்னேன். "பழசை எடுத்துத் துடைச்சு முடிச்ச பிறகு கூப்பிடு. புதுசு மாட்டும்போது கொட்டாங்கச்சி கொடு. பம்பு மட்டும் வேணாம்."

டிஸ்கி: உங்க ஊர்லயும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். அடுத்த தடவை வண்டி விடப் போகும்போது, காத்தடிச்சுத் தூசி தட்டறாரான்னு கொஞ்சம் பாருங்க. தட்டினா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து இந்தக் கதையைச் சொல்லுங்க.